நாக்குக்காரிக்குக் கொஞ்சம் துத்தநாகம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அண்ணனுடைய முதுகுவலி தேவலையா? பூட்டுக் கடையில் குனிந்தே உட்காராதே என்று நான் சொன்னால் கேட்க மாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பது போல நடிக்கவாவது செய்வான்.

நீங்கள் தைத்து அனுப்பிய வெள்ளைக் கோட்டு வந்தது. பிஸ்கட் ஆலையில் என் பக்கத்து அடைப்பில் உட்காரும் கண்ணாடிக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணி கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றாள். தோள் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. அது உங்கள் குற்றமில்லை, பழைய அளவுதானே உங்களிடம் இருந்தது.

அத்தை தினமும் பிஸ்கட் தின்றுதான் சம்பளம் வாங்குகிறாளா என்று குட்டி கேட்டிருந்தாளே, ஆமாம் என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு மர அடைப்பு, தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. பிஸ்கட்டின் நிறத்தைப் பார்த்து மனம் ஏமாறக் கூடாது என்பதற்காக அந்த விளக்கு. சின்ன ஜன்னல் வழியாகத் தட்டு வரும். கடிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், மதிப்பெண் போட வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். கேட்க சுகமாக இருக்கும். ஆனால் நாக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிழைப்பு இது. எங்களில் யாரும் பூண்டு வெங்காயம் பக்கம் போவதில்லை. நான் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு வருஷமாக மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அந்த வாடை நாக்கில் தங்கிவிடுகிறது. சோதனையில் மிஞ்சும் தவிட்டு பிஸ்கட்டும் கடுந்தேநீரும் போதுமென்று ஆகிவிட்டது. சமைக்கிற வேலையும் மிச்சம்.

ஆண்டுப் பரிசோதனையில் இரத்தம் குறைவு என்று ஆலை டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை. இத்துடன் ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட். சோதனைச் சமையலறையில் நானே அளவு போட்டுக் கலந்தது.

அன்புடன்,
நாத்தனார்


ஜனவரி 30

அன்புள்ள நாக்குக்காரிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணன் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். முதுகு முன்பு போலத்தான், நடிப்பும் முன்பு போலத்தான்.

டப்பாவைத் திறந்தவுடன் குட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "அம்மா, இது பிஸ்கட்டா, சக்கரைக் கட்டியா?" என்று கேட்டாள். நான் அதட்டினேன். பிறகு நானும் தின்று பார்த்தேன். பிள்ளை பொய் சொல்லவில்லை. உன் அண்ணன் மட்டும், "அவ போட்ட அளவுக்கு மறுபேச்சு உண்டா? நம்ம நாக்குதான் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். தங்கச்சி கலந்தது என்றால் அவருக்கு வேப்பங்கொட்டையும் தித்திக்கும்.

தோள் இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். தையல்காரியிடம் அப்படி அரைகுறையாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. எல்லா அளவையும் புதிதாக எடுத்து அனுப்பு. வெறும் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு இரத்தம் இல்லை என்றால் எங்கிருந்து வரும்? சோறோ ரொட்டியோ வயிறாரச் சாப்பிடு.

உன்
அண்ணி


மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். ஆலையில் புதுச் சரக்கு இறங்குகிறது, தலை நிமிர நேரமில்லை.

அளவுகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டுக் கூச்சல் போடாதீர்கள். இளைப்பது நாகரிகம் என்று பத்திரிகையில் எல்லாம் போடுகிறார்கள். தலைமுடியும் கொஞ்சம் கொட்டுகிறது. தண்ணீர் சரியில்லை.

டாக்டர் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஏறவே இல்லையாம். "உண்மையைச் சொல்லுங்க, மாத்திரை போடுறீங்களா, இல்ல ஜன்னல் வழியா வீசிடுறீங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாள்கூட விட்டதில்லை அண்ணி. இப்போது இரண்டு வேளை போடச் சொல்லியிருக்கிறார்.

ருசி அறை மாடியில் இருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதனால் சீக்கிரமே கிளம்பிப் போய்விடுகிறேன். போன மாதம் டப்பா மூடி கிழித்த விரல் இன்னும் ஆறவில்லை. கண்ணாடிக்காரிதான் கட்டு மாற்றிவிடுகிறாள். அவள் எனக்குக் கிடைத்த வரம்.

குட்டிக்கு இந்த முறை உப்பு பிஸ்கட் அனுப்புகிறேன். சர்க்கரைக் கட்டி என்று சொல்ல மாட்டாள் அல்லவா?

அன்புடன்,
நாத்தனார்


மார்ச் 15

அன்புள்ள நாக்குக்காரிக்கு,

நலம். உன் அண்ணன் விசாரித்தார்.

உன் அளவுத் தாளைப் பார்த்தேன். கூச்சல் போடவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு நாடாவில் அந்த அளவைப் பிடித்துப் பார்த்தேன்.

உப்பு பிஸ்கட்டை உன் அண்ணனாலும் தின்ன முடியவில்லை. கைக்குட்டையில் துப்பி மடித்து வைத்துக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. குட்டி தன் பங்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்னப் பார்த்தாள், முடியவில்லை.

என் கல்யாணத்துக்கு மறுநாள் நான் வைத்த குழம்பை ஒரு வாய் தின்றுவிட்டு, "அண்ணி, ஒரு கல் உப்பு கூட, ஆனா பரவால்ல" என்று சொன்னவள் நீ. ஒரே ஒரு கல்லைக் கண்டுபிடித்த நாக்கு. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அப்படிப்பட்டவள் இந்த டப்பாவை அனுப்புவாளா?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் நாக்குக்கு என்ன ஆயிற்று?

உன்
அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நலம் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

தீபோலச் சுடுகிறதா, ஆறிவிட்டதா என்பது மட்டும் தெரிகிறது. மற்றபடி எதைத் தின்றாலும் ஈரக் காகிதத்தை மெல்வது போலத்தான் இருக்கிறது. முதலில் உப்பு மங்கியது, பிறகு இனிப்பு. மாத்திரையைக் கூட்டிய பிறகு இருந்த கொஞ்சமும் போய்விட்டது. பசியும் இல்லை.

அடைப்புக்குள் எப்படிச் சமாளிக்கிறேன் தெரியுமா? கண்ணாடிக்காரி பிஸ்கட்டைக் கடித்தால் ஒரு பெருமூச்சு விடுவாள். நீளமாக விட்டால் இனிப்பு அதிகம். தொண்டையைச் செருமினால் உப்பு. அதை வைத்து மதிப்பெண் போடுகிறேன். எவ்வளவு நாளைக்கு?

டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் ஆலை டாக்டர் அண்ணி. இரத்தம் குறைந்தால் மாத்திரை தருவார். நாக்கு போனது தெரிந்தால் ருசி அறைத் தலைவிக்கு எழுதித்தான் ஆக வேண்டும், அது அவர் கடமை. அதன்பிறகு நான் யார்? எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, பெரிய படிப்பு இல்லை. இந்த நாக்கு ஒன்றுதான் இருந்தது.

நீங்கள் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. அண்ணனிடம் சொன்னாலும் டாக்டருக்கு மட்டும் போகவே கூடாது. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 9

அன்புள்ள நாக்குக்காரிக்கு,

நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டு நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே உங்கள் ஆலை டாக்டருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நாக்கு மரத்துப்போனது, பசி போனது, முடி கொட்டுவது, விரல் ஆறாதது, ஒரு வருஷமாக நீ தவிட்டு பிஸ்கட்டிலும் தேநீரிலும் காலம் தள்ளுவது என்று எல்லாவற்றையும் எழுதினேன். உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ கும்பிட்டுக் கேட்டதையும் மீறித்தான் செய்தேன். பாதி நோயை மறைத்து வைத்துக்கொண்டு முழு வைத்தியம் கேட்டால் அந்த மனிதர் என்ன செய்வார்?

வேலை போனால் இங்கே வா. நானும் மெஷினும் இருக்கிறோம். நீ போனால் நான் எங்கே போவேன்?

திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
அண்ணி


மே 6

அன்புள்ள நாக்குக்காரிக்கு,

நானும் குட்டியும் சுகம். உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

புது அளவில் ஒரு கோட்டுத் தைத்து அனுப்பியிருக்கிறேன். எல்லாத் தையலிலும் உள்பக்கம் நிறையத் துணி விட்டிருக்கிறேன். நீ தேறியதும் பிரித்துக்கொள்ளலாம்.

குட்டி உனக்குப் படம் வரைந்திருக்கிறாள். சிவப்பு விளக்குக்கு அடியில் நீ உட்கார்ந்திருக்கிறாய். உன் நாக்கைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டாள். ஏனடி இவ்வளவு நீளம் என்று கேட்டேன், "அத்தைக்கு அதுதானே முக்கியம்?" என்றாள்.

இங்கே வீடு அமைதியாக இருக்கிறது. வேலை நிறைய. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உன்
அண்ணி


ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே கொஞ்சம் நலம். நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று உங்களைத் திட்டாத திட்டில்லை. என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டீர்கள் என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். எழுதினால் அதையெல்லாம் எழுதிவிடுவேன் என்ற பயத்தில்தான் பேனாவைத் தொடவில்லை.

டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் கடிதம் மேஜைமேல் கிடந்தது. "இதை நீங்க ஜனவரியிலயே சொல்லியிருந்தா, இத்தனை இரும்பை உங்க தலையில கட்டியிருக்க மாட்டேனே" என்றார். கோபப்படவில்லை. வேறு பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது. உடம்பில் இரும்பு தாராளமாக இருக்கிறதாம். குறைவது ஜிங்க், நம் பேச்சில் துத்தநாகம்.

எனக்குப் புரியும்படி அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜைதான் இரத்தச் சிவப்பணுக்களைச் செய்கிறதாம். "வீடு கட்ட இரும்புக் கம்பி வந்து வாசல்ல இறங்கிக் கெடக்கு. கட்டுற மேஸ்திரி வரலைன்னா வீடு எழும்புமா?" என்று கேட்டார். இரும்பைச் சிவப்பணுவுக்குள் உரிய இடத்தில் உட்காரவைக்கும் வேலைக்கும், அந்த அணுக்கள் பிரிந்து பெருகி முதிர்வதற்கும் துத்தநாகம் வேண்டியிருக்கிறது. நாக்கில் ருசி தெரிவதற்கும் புண் ஆறுவதற்கும் அதுவேதான் வேண்டுமாம்.

அது எப்படிக் குறைந்தது என்பதுதான் வேடிக்கை. இறைச்சி, மீன், முட்டையில் அது நிறைய. நான் நாக்குக்கு ஆகாது என்று தள்ளியதெல்லாம் அவைதான். தவிட்டில் உள்ள ஏதோ ஒரு பொருள், வருகிற கொஞ்ச துத்தநாகத்தையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்குமேல் இரும்பு மாத்திரை இரண்டு வேளை. அதிக இரும்பு, துத்தநாகத்தை உள்ளே நுழைய விடாமல் முட்டித் தள்ளுமாம். நாக்கைக் காப்பாற்றப் பட்டினி கிடந்து நாக்கைத் தொலைத்த ஒரே ஆள் இந்த ஆலையில் நான்தான்.

இப்போது இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு ஜிங்க் மாத்திரை கொடுத்திருக்கிறார். தினம் முட்டை, வாரத்தில் சில நாள் இறைச்சி, ஊறவைத்து வேகவைத்த பயறு. போன வாரம் இரத்தம் எடுத்தார்கள். ஏறியிருக்கிறது அண்ணி! தாளை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன். டாக்டரே எழுந்து வந்து கை கொடுத்தார். விரல் ஆறிவிட்டது. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினேன்.

நாக்கு இன்னும் வரவில்லை. டாக்டர் ருசி அறைத் தலைவியிடம் சொல்லத்தான் செய்தார். என்னைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி எடுக்கிறேன். தலைவி, "உன் அடைப்புல வேற யாரையும் ஒக்கார வைக்கல. நாக்கு வந்தா பரீட்சை வைக்கிறேன். வரலைன்னா அப்பப் பாக்கலாம்" என்றாள். அந்த "அப்பப் பாக்கலாம்" என்னைத் தூங்கவிடவில்லை என்றாலும், அடைப்பு காலியாக இருக்கிறதே, அதற்கு அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கண்ணாடிக்காரியிடம் பெருமூச்சு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள். "எனக்கு என்ன ஆஸ்துமாவா, அப்படி மூச்சு விட? உனக்குக் கேக்கணும்னுதான் விட்டேன்" என்றாள். அத்தனை மாதம் எனக்காக மூச்சு விட்டிருக்கிறாள். அவள் கழுவ எடுத்துக்கொண்டு போன தட்டுகளை வாங்கி நானே கழுவி அடுக்கினேன்.

உங்களுக்கும் நன்றி. நான் கும்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாததற்கு நன்றி.

இன்னொன்று. உங்களுடைய கடைசி இரண்டு கடிதங்களிலும் அண்ணன் விசாரித்ததாக ஒரு வரி இல்லை. என்ன நடந்தது?

அன்புடன்,
நாத்தனார்


ஜூன் 22

அன்புள்ள நாக்குக்காரிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் உன் அண்ணனும்தான்.

என் வயிற்றில் பால் வார்த்தாய். படித்துக்கொண்டே அழுதேன், தைத்துக்கொண்டிருந்த துணியெல்லாம் ஈரம். குட்டி பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடப் பார்த்தாள்.

நீ கேட்டதால் சொல்கிறேன். நான் டாக்டருக்கு எழுதியதை அவரிடம் சொன்னேன். "என் தங்கச்சி பொழப்பைக் கெடுத்துட்டே" என்றார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் குட்டியிடம் சொல்வார், சாவி வேண்டுமென்றால் சுவரிடம் கேட்பார். நானும் பதிலுக்குச் சுவரிடமே கொடுத்தேன். நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியாத நாட்கள் அவை. உன்னிடமும் பதில் இல்லை, இவரிடமும் பேச்சில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

உன் கடிதத்தைக் குட்டியை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவர் ஏதோ பூட்டை நோண்டிக்கொண்டே கேட்டார். "ஏறியிருக்கிறது அண்ணி" என்ற இடம் வந்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போனார். போனவர் மருந்துக் கடையிலிருந்து மூன்று புட்டி ஜிங்க் மாத்திரையோடு வந்து, என்னைப் பார்த்து, "சாப்பாடு என்ன?" என்றார். இத்தனை நாள் கழித்து வந்த முதல் பேச்சு. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துப் போட்டேன்.

அந்த மூன்று புட்டியை அனுப்பலாமா? வாளிக்கும் கூரைத் தகட்டுக்கும் பூசுகிற சாமான்தானே, அதிகம் போட்டால் துருப்பிடிக்காமல் இருப்பாய் என்கிறார் உன் அண்ணன்.

உன் அண்ணன் உன்னை விசாரித்தார். ஒரே நாளில் ஐந்தாறு முறை விசாரித்தார்.

உன்
அண்ணி


ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

அண்ணனிடம் அந்தப் புட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்டேன், தலையில் அடித்துக்கொண்டார். "உங்க குடும்பத்துல எல்லாருக்கும் எல்லாமே கூடுதலாத்தான் வேணுமா?" என்றார். துத்தநாகம் அளவுக்கு மிஞ்சினால் உடம்பில் தாமிரத்தைக் குறைத்துவிடுமாம். தாமிரம் குறைந்தாலும் இரத்தம் ஊறாதாம். அவர் கொடுப்பதை, அவர் சொல்கிற நாள்வரை மட்டும்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீங்கள் பிரிக்க வேண்டாம். உங்களைப் பற்றி நல்லதாக எழுதியிருக்கிறேன், படித்தால் உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

அன்புடன்,
நாத்தனார்


செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அண்ணனும் குட்டியும் நீங்களும் நலமா? அண்ணனின் முதுகுக்குப் பலகை வாங்கிப் போட்டதாக எழுதியிருந்தீர்கள், உட்காருகிறானா?

போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முட்டையில் உப்பு தெரிந்தது. நம்பாமல் அடுத்த வாயைத் தின்றேன், அதிலும் தெரிந்தது. தட்டை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரி, "என்ன, உப்பு ஜாஸ்தியா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் சிரிக்கிறோமா அழுகிறோமா என்று உணவுக்கூடத்தில் யாருக்கும் புரியவில்லை.

நேற்று பரீட்சை. அதே அடைப்பு, அதே சிவப்பு விளக்கு. ஜன்னல் வழியாகத் தலைவி வரிசையாகக் கோப்பைகளை வைத்தாள். எல்லாமே பார்வைக்குத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் இனிப்போ உப்போ புளிப்போ கசப்போ இம்மியளவு கரைத்திருப்பார்கள், எது எதில் என்று சொல்ல வேண்டும். பக்கத்து அடைப்பைக் காலி செய்துவிட்டார்கள். பெருமூச்சுக்கு இடமில்லை.

முதல் கோப்பை புளிப்பு. அடுத்தது இனிப்பு. கசப்பு கொஞ்சம் அலைக்கழித்துவிட்டு அகப்பட்டது. உப்பும் வந்தது. கடைசிக் கோப்பையை வாயில் ஊற்றினேன். ஒன்றும் இல்லை. நாக்கு மறுபடி போய்விட்டதா? இன்னொரு வாய் எடுத்தேன். ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் இப்படி ஆகியிருந்தால் ஏதாவது ஒன்றை, இனிப்பு என்றோ உப்பு என்றோ, வாய் கூசாமல் எழுதியிருப்பேன். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிற தைரியம் அப்போது எனக்கு இல்லை. உங்களிடம் சொல்லக்கூட இல்லை.

கோப்பையைக் கீழே வைத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தலைவி காத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லைம்மா," என்றேன். "வெறும் தண்ணி."

அவள் மதிப்பெண் தாளில் ஏதோ குறித்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெறும் தண்ணிதான்," என்றாள். "திங்கட்கிழமை வந்து ஒக்காரு."

உங்கள்
நாக்குக்காரி